‘யாங்கீ’யில் இருந்து தொடங்குங்கள்: யொனெசு கென்ஷியின் இரண்டாம் ஆல்பத்தைப் புதிதாகக் கேட்போருக்கு ஒரு வழிகாட்டி

அனிமே தொடர்களின் தொடக்கப் பாடல்கள் வழியாக ஜப்பானியப் பாடகர் யொனெசு கென்ஷியின் குரலை அறிந்தவர்கள் தமிழ் வாசகர்களிடையே இன்று குறைவாக இல்லை. 2022இல் ‘செயின்ஸா மேன்’ தொடருக்காக வந்த ‘கிக் பேக்’, 2023இல் மியாசாகி ஹயாவோவின் திரைப்படத்துக்காக எழுதப்பட்ட ‘சிக்யூகி’, இவற்றுக்கெல்லாம் முன்னதாக 2018இல் ஜப்பான் முழுவதும் ஒலித்த ‘லெமன்’ ஆகியவற்றைக் கேட்டுவிட்டு, அடுத்து எங்கே போவது என்று தெரியாமல், செயலி தானாக அடுக்கித் தரும் பிரபலப் பாடல்களின் வரிசையிலேயே நின்றுவிடுபவர்களை மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது. அவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, 2014 ஏப்ரல் 23 அன்று வெளியான அவருடைய இரண்டாம் ஆல்பமான ‘யாங்கீ’.

பின்னாளில் வந்த ஆல்பங்கள் இதைவிட அதிகமாக விற்றன. சில இதைவிடச் செம்மையானவை என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனாலும் தொடங்குவதற்கு இதுவே ஏற்ற இடம் என்று கருதக் காரணம் உண்டு. முதல் ஆல்பத்தில் எல்லா வேலையையும் தன் அறைக்குள் தானே செய்து முடித்த ஒருவர், இரண்டாம் ஆல்பத்தில் பாட்டு எழுதுவதையும் இசையமைப்பதையும் இசைக்கோர்ப்பையும் தயாரிப்புப் பொறுப்பையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, வாசிப்பதற்கு மட்டும் பிறரை உள்ளே அழைத்தார். அந்த மாற்றம் நடக்கும்போதே அதைக் காதால் பின்தொடர முடிவது இந்த ஆல்பத்தில்தான்.

முதற்படி: ஹாச்சி யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

யொனெசு கென்ஷி 1991 மார்ச் 10 அன்று ஷிகோக்குத் தீவிலுள்ள தொகுஷிமாவில் பிறந்தார். ஜப்பானிய வழக்கப்படி குடும்பப் பெயர் முதலில் வருவதால் யொனெசு என்பது குடும்பப் பெயர், கென்ஷி என்பது இவருடைய பெயர். மேடைக்காகச் சூட்டிக்கொண்டதுபோல் ஒலித்தாலும் இதுவே அவருடைய இயற்பெயர். இந்தப் பெயரில் பாடத் தொடங்குவதற்கு முன், ‘நிகோ நிகோ தோகா’ என்னும் காணொளித் தளத்தில் ‘ஹாச்சி’ என்ற புனைபெயரில் அவர் பாடல்களை வெளியிட்டுவந்தார். அந்தப் பாடல்களைப் பாடியது அவர் அல்ல. வரியையும் மெட்டையும் உள்ளிட்டால் பாடித்தரும் வோகலாய்டு மென்பொருளின் குரல்களான ஹத்சுனெ மிக்குவும் குமியும் பாடின. 2010இல் வந்த ‘மத்ரியோஷ்கா’, 2011இல் வந்த ‘பாண்டா ஹீரோ’ ஆகிய இரண்டும் அந்த உலகத்தில் எல்லோரும் அறிந்த பாடல்கள்.

2012 மே 16 அன்று, சொந்தப் பெயரில், சொந்தக் குரலில் ‘டயோராமா’ வெளியானது. வரி, மெட்டு, இசைக்கோர்ப்பு மட்டுமல்லாமல் அட்டை ஓவியத்தையும் காணொளிக்கான அசைபடத்தையும் அவரே செய்தார். கற்பனையான ஓர் ஊரைக் கணினிக்குள் கட்டிவைத்ததுபோல் நெருக்கமாக அடைக்கப்பட்ட ஆல்பம் அது. பெரிய நிறுவனத்தின் விளம்பர பலம் பின்னால் இல்லாதபோதும், ஜப்பானின் இசை விற்பனைத் தரவரிசையான ஓரிக்கானின் வாராந்திரப் பட்டியலில் அது 6ஆம் இடத்தைப் பிடித்தது. அதன் பிறகே யூனிவர்சல் சிக்மா நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. இந்தப் பின்னணியை அறிந்துகொண்டால் போதும். ‘டயோராமா’வை இப்போதே கேட்டு முடிக்க வேண்டியதில்லை, அதற்கு உரிய இடம் பின்னால் வரும்.

இரண்டாம் படி: சரியான பாடலைத் தேடிப் பிடியுங்கள்

2020 ஆகஸ்ட் 5 வரை யொனெசுவின் பாடல்கள் சந்தா முறை இசைச் செயலிகளில் கிடைக்கவில்லை. அன்றைய நாளில் ஐந்தாம் ஆல்பமான ‘ஸ்ட்ரே ஷீப்’ வெளியானபோதுதான் பழைய பாடல்களும் சேர்ந்து திறந்துவிடப்பட்டன. ஆகவே, அதற்கு முன்பு எழுதப்பட்ட அறிமுகக் குறிப்புகளில் ‘எங்கும் கிடைக்காது’ என்று படித்திருந்தால் அதை மறந்துவிடலாம். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்றவற்றில் அவருடைய பெயரை ரோமன் எழுத்தில், கென்ஷி முதலிலும் யொனெசு அடுத்தும் வருமாறு தட்டச்சு செய்தால் பக்கம் வந்துவிடும். ஆல்பத்தின் பெயர் ஆங்கிலப் பேரெழுத்துகளில் இருக்கும். பாடல் தலைப்புகள் செயலியின் மொழி அமைப்பைப் பொறுத்து ஜப்பானிய எழுத்திலோ ரோமன் எழுத்திலோ தோன்றும். அதனால் தலைப்பை நம்புவதைவிட வரிசை எண்ணை நம்புவது எளிது, இக்கட்டுரையிலும் எண்ணைச் சேர்த்தே குறிப்பிடுகிறேன். மொத்தம் 15 பாடல்கள்.

ஓர் எச்சரிக்கை. வோகலாய்டு உலகில் ஒருவர் எழுதிய பாடலை மற்றவர்கள் பாடி வெளியிடுவது நெடுநாள் வழக்கம் என்பதால், அதே தலைப்பில் வேறு பலருடைய குரல்கள் தேடலில் முன்வந்து நிற்கும். அவற்றில் அருமையானவையும் உண்டு. ஆனால் தொடங்குபவர் யூடியூபில் யொனெசுவின் அதிகாரபூர்வ சேனலைத் தாண்டிப் போகாதிருப்பது நல்லது. ஹாச்சி என்ற பெயரில் வெளியிட்ட ‘டோனட் ஹோல்’ காணொளியும் அதே சேனலில்தான் இருக்கிறது. அது பிறகு தேவைப்படும்.

மூன்றாம் படி: பாடலின் உறுப்புகளைப் பிரித்தறியுங்கள்

நம் பாடல்களில் பல்லவி முதலில் வந்துவிடும், சரணம் போய்த் திரும்பப் பல்லவிக்கே வரும். அந்தப் பழக்கத்தோடு ஜப்பானியப் பாடலைக் கேட்பவர், முதல் நாற்பது நொடிகளில் பாட்டின் உயிர்நாடி வந்துவிட்டது என்று எண்ணிவிடுகிறார், அது பெரும்பாலும் அப்போது வந்திருக்காது. ஜப்பானியப் பாடகர்களும் ரசிகர்களும் பாடலை ‘ஏ மெலோ’, ‘பி மெலோ’, ‘சாபி’ என்று பிரித்துப் பேசுவார்கள். ஏ மெலோ சூழலைச் சொல்லும். பி மெலோ வேறொரு மெட்டில் நகர்ந்து, ஏதோ வரப்போகிறது என்ற பரபரப்பை ஏற்றும். அதன் முடிவில்தான் நம் பல்லவிக்கு நிகரான சாபி வெடித்துக் கிளம்பும். பாதிக்கு மேல், முன்பு வராத புதிய மெட்டு ஒருமுறை மட்டும் வந்து போவதும் உண்டு. இந்த அமைப்பு மனத்தில் பதிந்துவிட்டால், யொனெசு எந்த இடத்தில் இந்த வழக்கத்துக்குக் கட்டுப்படுகிறார், எந்த இடத்தில் அதைக் குலைக்கிறார் என்பது தானே தெரியவரும். முப்பது நொடி கேட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவும் கைப்பழக்கத்தை இந்த ஆல்பத்துக்காவது நிறுத்திவையுங்கள்.

நான்காம் படி: ‘சாண்டா மரியா’ சிங்கிளை முழுவதும் கேளுங்கள்

ஆல்பத்துக்கு முன்னால் இரண்டு சிங்கிள்கள் வெளியாயின. ஜப்பானில் சிங்கிள் என்றால் ஒரே ஒரு பாட்டு என்று பொருளல்ல. தலைப்புப் பாடலோடு ‘கப்ளிங்’ என்று அழைக்கப்படும் துணைப் பாடல்கள் ஒன்றிரண்டு சேர்ந்தே குறுந்தட்டில் வரும், அவற்றில் சில பின்னர் எந்த ஆல்பத்திலும் இடம்பெறாமல் அங்கேயே தங்கிவிடும். ‘யாங்கீ’யின் இரண்டு சிங்கிள்களிலும் சேர்த்து ஆறு பாடல்கள், அவற்றில் மூன்றுதான் ஆல்பத்துக்குள் நுழைந்தன. ஆகவே ஆல்பத்தை மட்டும் கேட்பவர் அந்தக் காலகட்டத்தில் ஒரு பகுதியைத் தவறவிடுகிறார்.

முதல் சிங்கிளான ‘சாண்டா மரியா’ 2013 மே 29 அன்று வந்தது. பெரிய நிறுவனத்தில் அவருடைய முதல் வெளியீடு இது. வேகமும் நெரிசலும் நிறைந்த ஹாச்சியை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்களுக்கு முன்னால் நிதானமான நடையுள்ள பாடலோடு வந்து நின்றது துணிச்சலான தேர்வு என்றே சொல்ல வேண்டும். பாட்டு தொடங்கும் காட்சியைக் கவனியுங்கள். இரண்டு உள்ளங்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்படுகின்றன, ஆனால் நடுவில் ஒரு கண்ணாடி. அது சிறையில் பார்வையாளர்களைச் சந்திக்கும் அறை. நீயும் நானும் ஒருபோதும் ஒன்றாகிவிட முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, அந்த நிலையிலேயே இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கண்ணாடி உடையும் என்று பாட்டு வாக்குக் கொடுப்பதில்லை. தன் அறையைவிட்டு வெளியே வந்து முதன்முறையாகப் பிறருடன் சேர்ந்து இசைக்கத் தொடங்கிய ஒருவர், மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றியே முதற்பாட்டை எழுதியிருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தப் பாடலை முதல்முறை வரிகள் இல்லாமல் கேட்டு, எந்த இடத்தில் இசை அகலமாகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை மொழிபெயர்ப்பை அருகில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அடுத்து, அதே சிங்கிளில் உள்ள ‘ஹ்யாக்கி யாக்கோ’. இரவில் நூறு பேய்கள் ஊர்வலம் போகும் என்னும் பழைய ஜப்பானிய நம்பிக்கையைத் தலைப்பாகக் கொண்ட இந்தப் பாடலில் பழைய ஹாச்சியின் கேலியும் துள்ளலும் அப்படியே இருக்கின்றன. இது ஆல்பத்தில் 13ஆவதாக மீண்டும் வரும். ‘ஃபுவே ஃபுகெதொமொ ஓதோராசு’ என்ற மூன்றாம் பாடல் ஆல்பத்தில் இல்லை, சிங்கிளில்தான் கேட்க வேண்டும்.

ஐந்தாம் படி: இரட்டைத் தலைப்பு சிங்கிள்

2013 அக்டோபர் 23 அன்று வந்த இரண்டாம் சிங்கிளுக்கு ‘மேட் ஹெட் லவ்’, ‘பாப்பின் அபதி’ என இரண்டு தலைப்புப் பாடல்கள். இரண்டுக்கும் சம மதிப்புக் கொடுத்து இப்படி வெளியிடுவதை ஜப்பானில் ‘இரண்டு பக்கமும் ஏ பக்கம்’ என்பார்கள், இசைத்தட்டுக் காலத்திலிருந்து வரும் வழக்கு. ‘மேட் ஹெட் லவ்’ காதலை அடிதடியாகப் பாவிக்கும் பாட்டு. கிதார்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஓடும், சாபியில் ஒரு குழந்தைத்தனமான கூச்சல் வந்து கேட்பவரையும் இழுத்துக்கொள்ளும். ‘சாண்டா மரியா’வைக் கேட்ட கையோடு இதைக் கேளுங்கள். ஐந்து மாத இடைவெளியில் வந்த இவ்விரண்டையும் எழுதியவர் ஒருவரே என்பதை நம்பச் சற்றுச் சிரமமாக இருக்கும். அங்கே கண்ணாடிக்கு இருபுறமும் அமைதியாக அமர்ந்திருந்தவர்கள் இங்கே ஒருவர்மேல் ஒருவர் பாய்கிறார்கள் என்று வேண்டுமானால் நினைத்துக்கொள்ளலாம்.

இவற்றில் ‘மேட் ஹெட் லவ்’ ஆல்பத்தின் 2ஆம் பாடலாயிற்று; ‘பாப்பின் அபதி’யும் துணைப் பாடலான ‘தோரி நி தெமோ நாரித்தாய்’ என்பதும் வெளியே நின்றுவிட்டன. தலைப்புப் பாடலையே ஆல்பத்தில் சேர்க்காமல் விடுவது விற்பனைக் கணக்குப் பார்ப்பவர் எடுக்கும் முடிவு அல்ல.

ஆறாம் படி: ‘ஐனெ க்ளைனெ’, காதிலும் கண்ணிலும்

4ஆம் பாடலான ‘ஐனெ க்ளைனெ’ சிங்கிளாக வெளிவரவில்லை. ஆயினும் இந்த ஆல்பத்திலிருந்து ஒரே ஒரு பாட்டைச் சொல்லச் சொன்னால் ஜப்பானில் பெரும்பாலோர் இதைத்தான் சொல்வார்கள். தோக்கியோ மெட்ரோ நிறுவனத்தின் 2014ஆம் ஆண்டு விளம்பரத் தொடருக்காக எழுதப்பட்டது; அதில் தோன்றியவர் நடிகை ஹோரிகித்தா மாகி. சுரங்க ரயிலில் அன்றாடம் போய்வரும் மக்களின் காதில் யொனெசுவின் குரல் விழுந்தது இப்படித்தான்.

பாடுபவர் ஆண், பாட்டில் பேசுபவள் பெண். ஆண் புலவர்கள் தலைவி கூற்றாகப் பாடிய மரபில் வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. உன்னைச் சந்தித்ததில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி, ஆனாலும் அதெல்லாம் இயல்பாகவே துயரமாகவும் இருக்கிறது என்று அவள் தொடங்குகிறாள். வலிக்கும் அளவுக்கு மகிழ்ச்சியான இன்றைய நினைவுகள், என்றோ வரப்போகும் பிரிவை வளர்த்துக்கொண்டே நடக்கின்றன என்பது அடுத்து வரும் எண்ணம். பிரிவு இன்னும் நேரவில்லை, சண்டையும் இல்லை. கூடியிருக்கும்போதே பிரிவை எண்ணி வருந்தும் ஒரு மனநிலையை விளம்பரப் பாட்டு ஒன்றில் இவ்வளவு நேரடியாக வைக்க முடிந்திருக்கிறது. மெட்டு மிக எளிமையானது. ஏ மெலோவில் குரல் பேச்சுக்கு அருகிலேயே நடக்கிறது, சாபியில்தான் உயர்கிறது. அந்த உயரத்தில் அவர் குரல் சற்றே இறுகுவதைத் திருத்தி மழுப்பாமல் விட்டிருக்கிறார்கள்.

இந்தப் பாட்டுக்குக் காணொளி கட்டாயம். ஓவியங்கள் அவர் கையால் வரையப்பட்டவை. முதல்முறை கேட்டுவிட்டு, இரண்டாம் முறை பாருங்கள். பெரிய நிறுவனத்துக்கு வந்த பிறகும் வரைவதை அவர் விட்டுவிடவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று இந்த ஆல்பத்தைச் சுற்றி வேறில்லை.

ஏழாம் படி: ஆல்பத்தை ஒரே மூச்சில்

இப்போது 1 முதல் 15 வரை, வரிசை மாற்றாமல், கலைத்து இசைக்கும் பொத்தானை அணைத்துவிட்டுக் கேளுங்கள். ‘லிவிங் டெட் யூத்’ என்ற முதற்பாட்டு பள்ளிப் பருவத்தின் காயங்களைச் சுமந்துகொண்டு வேகமாக ஓடுகிறது, மூச்சு வாங்குவதற்குள் ‘மேட் ஹெட் லவ்’ வந்துவிடும். 3ஆவது ‘வுடன் டால்’. அதன் பிறகு ‘ஐனெ க்ளைனெ’, ‘மெலன்கலி கிச்சன்’, ‘சாண்டா மரியா’ என்று அடுத்தடுத்து மூன்று பாடல்கள் ஆல்பத்தை மெல்லத் தணிக்கின்றன. தனியாகக் கேட்டபோது பெரிய பாட்டாகத் தெரிந்த ‘சாண்டா மரியா’ இந்த 6ஆம் இடத்தில், முன்னிரண்டு பாடல்களின் வீட்டுச்சூழலுக்குப் பிறகு, இன்னும் தனிமையாக ஒலிப்பதைக் கவனிக்கலாம்.

7ஆவது ‘ஹனா நி அராஷி’, 8ஆவது ‘உமி தோ சன்ஷோவுவோ’ ஆகிய இரண்டும் புதியவர்கள் எளிதில் கடந்துபோய்விடும் பாடல்கள். இவ்விரண்டு தலைப்புகளும் எழுத்தாளர் இபுசெ மசுஜியை ஜப்பானிய வாசகருக்கு உடனே நினைவூட்டும். பூவுக்குப் புயல் என்ற முதல் தலைப்பு, பழைய சீனக் கவிதை ஒன்றுக்கு இபுசெ தந்த ஜப்பானிய வடிவத்தில் வந்து புகழ்பெற்ற தொடர். சன்ஷோவுவோ என்பது நீரில் வாழும் சலமாண்டர். அதே பெயரிலுள்ள இபுசெயின் சிறுகதை ஜப்பானியப் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற்று எல்லோருக்கும் தெரிந்தது: பாறைப் பொந்துக்குள் வசித்த சலமாண்டர் உடல் பருத்துவிட்டதால் வாசல் வழியே வெளியேற முடியாமல் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. தன் அறையிலிருந்து வெளியேறிய இசைக்கலைஞரின் ஆல்பத்தில், நட்டநடுவே, 8ஆம் பாடலாக அந்தப் பிராணி வந்து அமர்ந்திருக்கிறது. இதற்குமேல் விளக்கம் வேண்டாம், நிதானமாகக் கேளுங்கள்.

‘ஷிதோதொ செய்தென் தாய்மெய்வாக்கு’ என்னும் 9ஆம் பாடலின் வேகம் அந்த அமைதியைக் கலைக்கிறது. 10ஆவது ‘கன்புக்கு’ மீண்டும் மென்மையானது. 11ஆவது ‘ஹோராஃபுக்கி நெக்கோ யாரோ’ பீற்றிக்கொள்ளும் ஒரு பூனையின் பாட்டு, திருவிழா இசையின் சாயல் அதில் உண்டு. சொற்கள் நாக்கைச் சுளுக்க வைக்கும் வேகத்தில் வருவதால் மொழி தெரியாதவரும் சிரித்துவிடுவார். 12ஆவது ‘டாக்ஸிக் பாய்’, 13ஆவது ‘ஹ்யாக்கி யாக்கோ’, 14ஆவது ‘கர்மா சிட்டி’. இந்த இறுதிப் பகுதியில் ஆல்பம் சற்று நீண்டுவிட்டதாகவே நான் நினைக்கிறேன். இரண்டு பாடல்களைக் குறைத்திருந்தால் கட்டு இன்னும் இறுகியிருக்கும். ஆனால் 15ஆம் பாட்டுக்கு முன்னால் காது கொஞ்சம் களைத்திருப்பதும் ஒருவகையில் நல்லதுதான்.

எட்டாம் படி: ‘டோனட் ஹோல்’ என்னும் பாடலை இரண்டு குரல்களில் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் மிகவும் பொறுமையாகச் செய்ய வேண்டிய படி இது. இரண்டாம் சிங்கிள் வந்து ஐந்தே நாளில், 2013 அக்டோபர் 28 அன்று, நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஹாச்சி என்ற பெயரில் வோகலாய்டு பாடல் ஒன்று வெளியாயிற்று. பாடியது குமி. பழைய ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஆறு மாதம் கழித்து அதே பாட்டு, யொனெசுவின் சொந்தக் குரலில், ‘யாங்கீ’யின் கடைசிப் பாடலாக வந்தது.

முதலில் யூடியூபில் குமி பாடுவதைக் கேளுங்கள். தாளம் தலைதெறிக்க ஓடுகிறது. மூச்சு வாங்கத் தேவையில்லாத குரல் என்பதால் சொற்கள் இடைவெளியின்றி அடுக்கப்பட்டிருக்கின்றன. யாரோ ஒருவரின் முகம் எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை என்பதுதான் பாட்டின் விஷயம். டோனட்டின் நடுவிலுள்ள துளையை மட்டும் தனியாக வெட்டி எடுக்க முடியாததுபோல, நீ உண்மையாகவே இருக்கிறாய் என்பதை என்னால் ஒருபோதும் நிறுவ முடியாது என்று ஒரு வரி வருகிறது. இருக்கும் ஒன்றால் சூழப்பட்டால்தான் இல்லாமைக்கு வடிவம் கிடைக்கிறது என்ற எண்ணத்தைத் தெருமுனைத் தின்பண்டத்தைக்கொண்டு சொல்லிவிட்டார்.

பிறகு ஆல்பத்திலுள்ள 15ஆம் பாடலைக் கேளுங்கள். மெட்டும் வரியும் அவையே. ஆனால் இங்கே பாடுபவருக்கு மூச்சு தேவைப்படுகிறது. அடுக்கடுக்கான சொற்களுக்கு நடுவே அவர் காற்றை இழுக்கும் இடங்களை ஹெட்போனில் கேட்டால் துல்லியமாகப் பிடிக்கலாம். குமியின் குரலில் விளையாட்டாகக் கேட்ட வரிகள் இவர் குரலில் தேடலாக மாறுகின்றன. கடைசியில், சின்னஞ்சிறு சொல் ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது என்று பாடி, கண்களை அகலத் திறந்து, ‘உன் பெயர்’ என்று தொடங்கும் வாக்கியம் பாதியில் நிற்கிறது. பெயர் சொல்லப்படுவதில்லை. ஆல்பமும் அங்கேயே முடிகிறது. இரண்டு வடிவங்களையும் மாறிமாறிக் கேட்டுவிட்டு எது பிடித்தது என்று முடிவு செய்யுங்கள். குமியின் பக்கம் நிற்பவர்கள் ஜப்பானிலேயே ஏராளம், நான் ஆல்பத்தின் பக்கம்.

ஒன்பதாம் படி: வரிகளையும் பெயர்ப்பட்டியலையும் சரிபார்த்தல்

இணையத்தில் கிடைக்கும் ஆங்கில மொழிபெயர்ப்புகளில் ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். ஜப்பானிய மொழியில் எழுவாய் பல இடங்களில் மறைந்தே இருக்கும் என்பதால், யார் யாரிடம் சொல்கிறார் என்பதை மொழிபெயர்ப்பவர் தம் ஊகத்தில் நிரப்பியிருப்பார். இரண்டு மொழிபெயர்ப்புகள் ஒத்துப்போகாத இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டால், பெரும்பாலும் அவையே பாட்டின் சுவையான இடங்களாக இருக்கும். மூல வரிகளுக்கு ஜப்பானிய வரித் தளமான ‘உத்தா நெட்’ உதவும். அங்கே ஒவ்வொரு பாட்டுக்கும் வரி, இசை, இசைக்கோர்ப்பு ஆகியவற்றுக்கு உரியவர் பெயர் தனித்தனியே தரப்பட்டிருக்கும். பாடலாசிரியர் ஒருவர், இசையமைப்பாளர் ஒருவர், பாடகர் இன்னொருவர் என்று தேடிப் பழகிய நமக்கு, எல்லா இடத்திலும் ஒரே பெயர் வருவதைப் பார்ப்பது விந்தையாகத்தான் இருக்கும்.

குறுந்தட்டு வாங்க விரும்புவோருக்கு

ஜப்பானில் புதிய குறுந்தட்டுகளை, வெளியான பிறகு குறிப்பிட்ட காலம் வரையாவது, நிறுவனம் குறித்த விலைக்கே கடைகள் விற்பது வழக்கம். அதனால் கடைக்குக் கடை ஏறி இறங்கி விலை விசாரிப்பதில் பயனில்லை. ‘யாங்கீ’ வெளியானபோது வழக்கமான பதிப்போடு, ஓவியத் தொகுப்பு இணைந்த முதல் அச்சுப் பதிப்பும் காணொளித் தட்டு இணைந்த முதல் அச்சுப் பதிப்பும் வந்தன. முதல் அச்சுப் பதிப்புகளை இப்போது பழைய தட்டுக் கடைகளில்தான் தேட வேண்டும். புக் ஆஃப் போன்ற மறுவிற்பனைக் கடைகளில் வழக்கமான பதிப்பு மலிவாகவே கிடைக்கும். இரண்டு முதல் பதிப்புகளில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், ஓவியத் தொகுப்பு உள்ளதையே தேர்ந்தெடுங்கள். காணொளிகளை யூடியூபிலேயே பார்த்துவிடலாம். அத்துடன், ஜப்பானில் விற்கப்படும் டிவிடிகள் பலவற்றுக்கு வட்டாரக் குறியீடு 2, இந்தியாவுக்கு உரியது 5, ஆகவே வீட்டிலுள்ள கருவியில் ஓடாமல் போக வாய்ப்புண்டு. குறுந்தட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. பழைய தட்டு வாங்கும்போது, உறையின் முதுகைச் சுற்றிவரும் ‘ஓபி’ என்னும் காகிதப் பட்டை இருக்கிறதா என்று விற்பனைக் குறிப்பில் பாருங்கள். சேகரிப்பவர்கள் அதற்குத் தனி மதிப்புத் தருவதால், பட்டை இல்லாத பிரதி விலை குறைவாக இருக்கும். கேட்பதற்கு மட்டும் வாங்குபவருக்கு அதுவே லாபம்.

அடுத்து எங்கே போவது

ஓரிக்கான் வாராந்திரப் பட்டியலில் ‘யாங்கீ’ 2ஆம் இடத்தை எட்டியது. அது வெளியான இரண்டு மாதங்களில், 2014 ஜூன் 27 அன்று, தோக்கியோவின் தைக்கான்யாமா பகுதியிலுள்ள யூனிட் என்னும் அரங்கில் யொனெசு தம் முதல் தனி நிகழ்ச்சியை நடத்தினார். இணையத்தில் இலட்சக்கணக்கானோர் கேட்ட பாடல்களை எழுதியவர், தம் ரசிகர்கள் முன் முதன்முறையாகத் தனியாக மேடையேறியது இந்த ஆல்பத்துக்குப் பிறகுதான்.

ஆல்பம் பழகிய பின் முதலில் பின்னோக்கிப் போங்கள்: ‘டயோராமா’விலிருந்து ‘கோ கோ யூரெய்சென்’, ‘விவி’ ஆகிய இரண்டையும் கேளுங்கள். ஒரே ஆளின் கைவண்ணம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பது அங்கே தெரியும். அதன் பிறகு முன்னோக்கி, 2015 அக்டோபர் 7 அன்று வெளியாகி ஓரிக்கானில் முதலிடம் பிடித்த ‘ப்ரெமென்’ ஆல்பத்துக்கும், அதற்கு முன் வந்த ‘ஃப்ளவர்வால்’ சிங்கிளுக்கும் வாருங்கள். அங்கே இசைக்கோர்ப்புக்கு உரியவர் என்ற இடத்தில் யொனெசுவின் பெயருக்கு அருகில் சுதாயா கோயிச்சி என்ற இரண்டாவது பெயர் சேர்ந்திருப்பதைப் பாருங்கள். ‘யாங்கீ’யில் வாசிப்பதற்கு மட்டும் திறந்த கதவு, அடுத்த ஆல்பத்தில் இசைக்கோர்ப்புக்கும் திறந்துவிட்டது.